பத்மாசினி அக்கா வாங்குன மண்ணு

"கோயிலு மலையடியில இருக்கு. வண்டி ஏன்க்கா ரோட்டப் பாத்து நிக்கிது?"

கேட்டது பால் ஊத்த வந்த பாண்டிமீனா. வெள்ளிக்கெழமை காலையில எட்டரை மணி இருக்கும். கேட்டுக்குள்ள ஒரு மினி லாரி பின்கதவத் தொறந்து போட்டு நிக்கிது. வராந்தாவுல ஆளுயர மண்குதிரை. கழுத்து வரைக்கும் வைக்கோல் சுத்தி, சணலால இறுக்கிக் கட்டியிருக்கு. மூஞ்சி மட்டும் வெளிய தெரியுது.

பத்மாசினி அக்கா கையில மாவுக் கரண்டி. "கோயிலுக்கு எதுக்கும்மா போகுது? கடக்கரைக்குல்ல போகுது, கண்காட்சிக்கு."

பாண்டிமீனா பால் கேனைக் கீழ வச்சா. வந்த வழியே திரும்பி ஊருக்குள்ள ஓடுனா. கேன் அங்கயே கெடந்துச்சு. அக்கா எட்டிப் பாத்து, "பாலை ஊத்தாமப் போறா பாரு, கிறுக்கச்சி"ன்னுச்சு. அந்த நிமிசம் வரைக்கும் எங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது.

என்ன வீடுன்னு சொல்லிர்றேன். கீழக்குயில்குடி தாண்டுனா ஒரு சின்ன ஊரு. பேரு வேணாம், அங்க எனக்கு இன்னமும் சோறு கெடைக்கணும். அந்த ஊரு எல்லையில தல்லாகுளத்து சுஷ்மா மேடத்தோட தோட்ட வீடு. ஆறு வருசமா ஆர்ட்டிஸ்ட்டுகளக் கூப்பிட்டு ரெண்டு மாசம் தங்கவச்சு, சோறு போட்டு, "எதையாச்சும் செய்யுங்க"ன்னு விட்டுருவாக. ராமநாதபுரம் தாண்டி, வலை காயப்போடுற ஒரு குட்டி ஊர்ல, மேடத்தோட பிரெண்டு ஒருத்தவுக இதே மாதிரி வீடு நடத்துறாக. இங்க செய்யிறத அங்க காட்டுவாக, அங்க செய்யிறத இங்க. நோட்டீசுல இதுக்குப் பேரு ரெசிடென்சி. ஊர்க்காரங்களுக்கு பொம்மை வீடு. நாலு ரூம்பு, நாலு பேரு. அந்தத் தடவ அந்த நாலுல ஒண்ணு நான், பலகுரல் பேசுறவன். மத்த மூணு பேரும் கையால வேலை செய்யிறவுக.

வீட்டை நடத்துனது மேடம் இல்ல. பத்மாசினி அக்காதேன்.

குக்கர் விசில் வர்றதுக்கு முந்தி ஒரு சீறல் வருமே, அதேன் அக்காவோட குரலு. "தம்பி, தட்டக் கழுவி வையி"ன்னு சொன்னாக் கூட அடுத்த நிமிசம் எதோ வெடிக்கப் போகுதோன்னு இருக்கும். நாப்பத்தேழு வயசு. வில்லாபுரத்துல சௌராஷ்டிராக் குடும்பம். வீட்டுக்குள்ள அவுக பாஷை, வாசப்படி தாண்டுனா நம்ம மதுரைப் பேச்சு. புருசன் சௌரிராஜன் அண்ணே விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில சேலை விரிச்சுக் காட்டுறாரு. ஒரே பொண்ணு ஸ்வர்ணாவைக் கட்டிக் குடுத்தாச்சு. இங்க வர்றதுக்கு முந்தி தல்லாகுளத்துல ஒரு மெஸ்ஸுல பதினோரு வருசம் மாவாட்டிச்சு. பதினோரு வருசத்துல ஒரு நாள் சாம்பார் கரண்டியத் தொட விடல. அந்த மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த மேடந்தேன், "சமையல், சாவி, சாமான், ஆளு எல்லாம் உங்க பொறுப்பு"ன்னு கூட்டியாந்தாக.

"என்னைய நம்பி ஒருத்தரு ஒண்ணக் குடுத்தது அதேன் தம்பி மொத தடவ"ன்னு எங்கிட்ட சொல்லியிருக்கு. தெனமும் காலையில வில்லாபுரத்துல இருந்து ரெண்டு பஸ் மாறி வரும். சாயந்தரம் அஞ்சே கால் பஸ்ஸப் புடிச்சுப் போகும். ஆறு வருசமா ஒரு நாள் லீவு இல்ல.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதையும் வெறுங்கையில வாங்காது, வெறுங்கையில குடுக்காது. எல்லாத்துக்கும் வெத்தலை பாக்குத் தட்டுதேன். மோட்டார் ரிப்பேருக்கு வந்த எலக்ட்ரீசியனுக்கே தட்டுல வெத்தலை பாக்கு வச்சு, அதுக்கு மேல ஸ்குரூ டிரைவர வச்சு நீட்டுச்சு. அவன், "யக்கா, எனக்குக் கல்யாணம் ஆயிருச்சுக்கா"ன்னு பதறிட்டான். "மரியாதைடா முட்டாப்பயலே"ன்னு அக்கா சீறுச்சு.

அந்தத் தட்டுலதேன் வெனை.

ரம்யாஸ்ரீ சென்னைப் பொண்ணு, சிற்பம் செய்யிறவ. ஆளுயரத்துக்கு ஒரு குதிரை செய்யணும், அதுவும் இந்தக் கம்மா மண்ணுலதேன் செய்யணும்னு வந்த மறுநாளே மம்பட்டியத் தூக்கிட்டா. அக்கா மறிச்சுச்சு. "ஊருக் கம்மாயில கேக்காம அள்ளக் கூடாது பாப்பா. நான் மொறையா வாங்கித் தாரேன்."

பித்தளைத் தட்டுல வெத்தலை, பாக்கு, மஞ்சக் கெழங்கு, ரெண்டு வாழப்பழம் வச்சு எடுத்துக்கிட்டு ஊர் அம்பலம், அதேன் ஊர்ப் பெரியவரு, விருமாண்டி வீட்டு வாசல்ல போயி நின்னுச்சு. "அண்ணே, எங்க வீட்ல குதிரை செய்யிறோம். உங்க கையால கம்மா மண்ணு குடுக்கணும்."

விருமாண்டி பேசுனா லாரியில இருந்து சரளக்கல்லு எறக்குற சத்தம் கேக்கும். அன்னிக்கு அவருக்குச் சத்தமே வரலையாம். தோள்ல கெடந்த துண்ட எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு, கம்மாக்கரைக்கு நடந்து, குனிஞ்சு ஒரு பிடி மண்ண அள்ளித் தட்டுல வச்சாரு. அக்கா ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிச்சு. கூட நின்ன கோயில் பூசாரி கண்ணுச்சாமி நெத்தியில துண்ணூறு வச்சு விட்டாரு. எம்புட்டு மரியாதை தெரிஞ்ச சனம்னு அக்காவுக்குக் கண்ணு கலங்கிருச்சாம்.

வில்லாபுரத்துல தட்டுன்னா மரியாதை. இந்த ஊர்ல அதுக்குப் பேரு பிடிமண்ணு. குதிரை செய்யிறேன்னு சொல்லி, தட்டு வச்சு, அம்பலத்துக் கையால கம்மா மண்ண வாங்கிட்டா, அய்யனாருக்குக் குதிரை செஞ்சு வைக்கிறேன்னு வாக்குக் குடுத்ததா அர்த்தம். எழுத்து கெடையாது. யாரும் வாய் விட்டுச் சொல்லவும் மாட்டாக, ஏன்னா தெரியாதவுகன்னு அங்க ஆளே கெடையாது. ஒம்பது வருசமா அந்தக் கோயிலுக்கு யாரும் குதிரை எடுக்கல. அப்பிடியிருக்க, டவுன்ல இருந்து ஒரு பொம்பள தட்டோட வந்து நின்னா ஊருக்கு எப்பிடி இருக்கும்?

டிராக்டர்ல மூணு நடை மண்ணு வந்து எறங்குச்சு. சூளைக்கு வெறகு, வரட்டி, வைக்கோலு வீட்டுக்கு வீடு கொண்டாந்து குவிச்சாக. மேடம் அத போட்டோ எடுத்து 'கிராமத்தின் பங்களிப்பு'ன்னு இன்ஸ்டாகிராம்ல போட்டாக. ஊரு தன் பங்குக்கு, வர்ற மாசித் திருவிழாவுல குதிரை எடுப்புன்னு நோட்டீசே அடிச்சிருச்சு. எங்க காம்பவுண்டுச் செவுத்துல கூட ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. ஆர்ட்டிஸ்ட்டு ஒருத்தரும் படிக்கல. அக்கா படிச்சுச்சு. எந்தக் குதிரையோன்னு நெனச்சிருச்சு.

இப்ப அந்தக் குதிரைய வைக்கோல் சுத்தி லாரிக்கு ஏத்துறோம்.

ஒம்பது மணிக்குள்ள வாசல்ல எம்பது பேரு. யாரும் கத்தல. கத்தியிருந்தாக் கூடப் பரவால்லன்னு இருந்துச்சு. விருமாண்டி உள்ள வந்து, நேரா டிரைவர்கிட்ட கைய நீட்டுனாரு. அவன் எதுக்குன்னு கூடக் கேக்காம வண்டிச் சாவிய எடுத்து வச்சுட்டான்.

"ஏத்தா, குதிரை எங்க போகுது?"

"கண்காட்சிக்குண்ணே. நாளைக்கித் தொறப்பு. அங்க கொஞ்ச நாள் வச்சுட்டு டெல்லிக்குப் போகுதாம்."

விருமாண்டி கூட்டத்தப் பாத்துத் திரும்புனாரு. "கேட்டுக்கங்கப்பா. பிடிமண்ணு வாங்குன குதிரை டெல்லிக்குப் போகுதாம்."

அக்கா அந்த வார்த்தைய அன்னிக்குத்தேன் மொத மொத கேக்குது. கண்ணுச்சாமி பூசாரி ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவுல வெத்தலைய ஒரு பக்கமா ஒதுக்குவாரு. அப்பிடி ஒதுக்கி ஒதுக்கி, மண்ணுன்னா என்ன, தட்டுன்னா என்ன, வாக்குன்னா என்னன்னு சொன்னாரு. சொல்லச் சொல்ல அக்கா மூஞ்சி வெளுத்துக்கிட்டே வந்துச்சு.

"எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியாமயாத்தா மஞ்சக் கெழங்கு வச்சு எடுத்துட்டு வந்த?"



"இங்க பாரு," விருமாண்டி வெரல நீட்டுனாரு. "குதிரை எல்லையத் தாண்டுச்சு, இந்த வீட்டப் பூட்டிருவோம். தண்ணி வராது, பாலு வராது, ஒரு ஆளு உள்ள வர மாட்டான். இனிமே எவுக வந்தாலும் இந்தக் கேட்டோட திரும்ப வேண்டியதுதேன்."

அக்கா அடுப்படிக்குள்ள வந்து மேடத்துக்குப் போன் போட்டுச்சு. அவசரத்துல வெரலு பட்டு ஸ்பீக்கர் ஆன் ஆயிருச்சு. ஏசி ரூம்புக் குரலு, ஒரு சொட்டு வேர்வை இல்லாம வருது: "பத்மா, எனக்கு விளக்கமெல்லாம் வேண்டாம். பன்னெண்டு மணிக்குள்ள வண்டி கிளம்பணும். அங்க முன்வாசல்ல அந்தக் குதிரைதான் நிக்கப் போகுது. வேணும்னா போலீஸுக்குச் சொல்றேன்."

"ஐயோ, போலீசெல்லாம் வேணாம் மேடம். அப்பறம் ஊரே எரிஞ்சுரும்."

"அப்ப நீங்களே பார்த்துக்கோங்க. முடியலைன்னா சொல்லிடுங்க, திங்கக்கிழமையிலேருந்து நான் வேற ஆள் பார்த்துக்கறேன்."

குதிரை போனா ஊரு வீட்டப் பூட்டும். போகலேன்னா மேடம் அக்காவை வெளிய அனுப்பும். எப்பிடிப் பாத்தாலும் இந்த வீடு அக்கா கைய விட்டுப் போகும். மணி பத்தே கால்.

"தம்பி, நீயாச்சும் எதாச்சும் பண்ணேன்."

"என்னத்தக்கா பண்ண? விருமாண்டி அண்ணே குரல்ல மேடத்துக்குப் போன் போடவா?"

"செருப்புப் பிஞ்சிரும்."

அதே சீறலு. ஆனா அதுக்கப்பறம் வழக்கமா வர்ற விசிலு வரல. மேடையப் புடிச்சுக்கிட்டு அப்பிடியே நின்னுச்சு.

வெளிய திடீர்னு ஒரு சத்தம். எட்டிப் பாத்தா ரம்யாஸ்ரீ குதிரை பக்கத்துல ஸ்டூல் போட்டு ஏறி நிக்கிறா. ஒரு கையில பெயிண்ட் கிண்ணம், ஒரு கையில பிரஷ். காலையில இருந்து ஆளாளுக்குப் பேசுறதக் கேட்டு அவளுக்குப் பொறுமை போச்சு.

"இது என் வேலை. ரெண்டு மாசம் நான் செஞ்சது. நான் இன்னும் கண்ணு வரையலை. வரைஞ்சு முடிச்சுட்டுத்தான் ஏத்துவேன், யார் வேணா என்ன வேணா சொல்லிக்கோங்க."

இவளத் திட்டுவாகன்னு நெனச்சேன். திட்டல. எளவட்டப் பயலுக முன்னாடி வந்துட்டாங்கெ. "விடுங்கடா, எழுதட்டும்!" "எழுது தங்கச்சி, நல்லாப் பெருசா எழுது!" ஒருத்தன் கையே தட்டுனான். ரம்யாவுக்கு அன்னிக்கு மொத தடவயா சிரிப்பு வந்துச்சு. நம்ம வேலைய ரசிக்கிறாங்கன்னு நெனச்சிருச்சு அந்தப் புள்ள.

அக்கா என் பக்கத்துல வந்து நின்னுச்சு. அது பொண்ணப் பாக்கல, விருமாண்டியப் பாத்துச்சு. அவரு தோள்ல கெடந்த துண்ட மெதுவா எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டு இருந்தாரு. பின்னாடி ஒவ்வொருத்தரா செருப்பக் கழட்டுறாக.

"பூசாரிண்ணே," அக்கா குரலு சுருங்கிப் போச்சு. "கண்ணு வரைஞ்சா என்ன ஆகும்?"

கண்ணுச்சாமி வெத்தலைய ஒதுக்குனாரு. "கண்ணு தொறந்தா உசுரு வந்துரும்த்தா. அப்பறம் அய்யனாரு ஏறுற குதிரை அது. கோயிலத் தவிர எங்கயும் நிக்காது. நானும் மறிக்க முடியாது, நீயும் மறிக்க முடியாது."

"தொறக்கலேன்னா?"

"தொறக்கலேன்னா மண்ணு."

அக்கா ஓடுன ஓட்டம் இருக்கே! வராந்தாப் படி மூணையும் ஒரே தாவு. பிரஷ் நுனிக்கும் குதிரை மூஞ்சிக்கும் நடுவுல ரெண்டு வெரக்கடை கூட இல்ல, அக்கா அவ மணிக்கட்டப் புடிச்சிருச்சு. கருப்புப் பெயிண்ட் கிண்ணம் கவுந்து அக்கா சேலை பூராம் ஊத்துச்சு.

"அக்கா, கைய விடுங்க."

"கண்ணு மட்டும் வேணாம் பாப்பா."

"கண்ணில்லாத குதிரையை நான் எதுக்கு அனுப்பணும்? எல்லாமே அந்தக் கண்ணுக்காகத்தான் செஞ்சேன். விடுங்க, வலிக்குது!"

"வலிக்கட்டும். வரைஞ்சேன்னா உன் குதிரை இங்கயே நின்னுரும். இவுக அதுக்குத்தேன் கை தட்டுறாக, புரியுதா?"

ரம்யா கூட்டத்தப் பாத்தா. பயலுக கை தட்டுறத நிப்பாட்டிட்டாங்கெ. அக்கா கைய விடாம, திரும்பாம, குதிரையப் பாத்துக்கிட்டே கேட்டுச்சு:

"அம்பலக்காரண்ணே, அன்னிக்கு மண்ணு வாங்குனது யாரு கை?"

"உன் கைதேன்."

"இந்தப் பொண்ணு கையா?"

"இல்ல. இவ அங்க வரவே இல்ல."

"அப்ப வாக்கு யாருது? பூசாரிண்ணே, நீங்க சொல்லுங்க. அய்யனாரு யாருகிட்ட கேப்பாரு?"

கண்ணுச்சாமி இந்தத் தடவ வெத்தலையத் துப்பிட்டே வந்தாரு. விருமாண்டியப் பாத்தாரு. "வாங்குன கைகிட்டத்தேன் கேப்பாரு. மொறை அதேன்."

"அப்ப குதிரைய நான் தாரேன். என் கையால செஞ்சு தாரேன். இது அவ பொம்மை. கண்ணு தொறக்கல, வெறும் மண்ணு. இத அனுப்பிருங்க."

விருமாண்டி குரல்ல சரளக்கல்லு மெல்ல எறங்குச்சு. "உன்ன எப்பிடித்தா நம்புறது? அஞ்சே கால் பஸ்ல ஏறுனேன்னா நீ வில்லாபுரம். நாளைக்கி வரலேன்னா உன்னத் தேடி யாரு வர்றது?"

"காப்புக் கட்டுங்க."

பொம்பளைங்க பக்கம் ஒரு முணுமுணுப்பு. காப்புக் கட்டுனவுக காரியம் முடியிற வரைக்கும் ஊரு எல்லையத் தாண்டி ராத்தங்கக் கூடாது. மாசித் திருவிழாவுக்கு இன்னும் நாப்பத்தொரு நாளு. அத விருமாண்டி சொன்னாரு. "இருக்கட்டும்"னுச்சு அக்கா.

"ஏதாச்சும் மண்ணு வேலை தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"அம்மாடி!" அவரையறியாமச் சிரிப்பு வந்துருச்சு அவருக்கு. வேற யாரும் சிரிக்கல. "செய்யலேன்னா?"

"வீட்டப் பூட்டிக்கங்க. அன்னிக்கு நானே பூட்டிச் சாவிய உங்க கையில தாரேன்."

மஞ்சக் கெழங்குல நூலச் சுத்தி கண்ணுச்சாமி அங்கயே கட்டுனாரு. பெயிண்டு வழிஞ்ச இடது கையில. அப்பறந்தேன் டிரைவருக்குச் சாவி திரும்பி வந்துச்சு.

ரம்யா பிரஷ்ஷ வாளிக்குள்ள எறிஞ்சா. பதினொண்ணு நாப்பதுக்கு வண்டி கெளம்புச்சு. பின்னாடி குதிரை, கண்ணு இருக்க வேண்டிய எடத்துல வழவழன்னு ஒண்ணுமே இல்லாம. டிரைவர் பக்கத்துல ரம்யா, நேரா ரோட்டப் பாத்துக்கிட்டு. அக்கா புளிசோத்துப் பொட்டலத்த சன்னல்ல நீட்டுச்சு. அவ வாங்கல. டிரைவர்தேன் எட்டி வாங்குனான்.

மேடம் பன்னெண்டுக்குப் போன் பண்ணி, "கிளம்பிடுச்சா? சூப்பர்"னுட்டு வச்சிருச்சு.

சாயந்தரம் அஞ்சே கால் பஸ் போன கொஞ்ச நேரத்துல சௌரிராஜன் அண்ணே வண்டியில வந்து எறங்குனாரு. இருவது வருசம் சேலை விரிச்ச குரலு. கோவத்துல கூட கலரு போகாது, சுருங்காதுங்குற மாதிரி வழுக்கிக்கிட்டே வரும். புருசனும் பொண்டாட்டியும் அவுக பாஷையில பத்து நிமிசம் பேசுனாக. எனக்கு ஒரு வார்த்தை புரியல. ஆனா சத்தத்த வச்சே தெரிஞ்சுச்சு, மொத அஞ்சு நிமிசம் அண்ணே கை ஓங்கியிருந்துச்சு, அப்பறம் இல்ல.

கடைசியில எங்கிட்ட திரும்புனாரு. "நாப்பத்தொரு நாளைக்கி எனக்கு யாரு தம்பி சோறு போடுவா?"

"இங்க வந்து சாப்புடுங்கண்ணே."

"இங்க யாரு போடுவா? இவ மண்ணுல்ல பெசையப் போறா?" சொல்லிட்டு அடுப்படிய எட்டிப் பாத்தாரு. "திங்கக்கெழமை புது ஆளுக வர்றாகளாமே. அவுகளுக்கு யாரு வடிப்பா?"

விடிஞ்சு நான் எந்திரிச்சு வரையில அண்ணே பனியனோட உப்புமா கிண்டிக்கிட்டு இருந்தாரு. கடைக்கு ரெண்டு நாள் லீவு சொல்லிட்டாராம். உப்புமாவுல உப்பு இல்ல. எல்லாரும் தட்டக் காலி பண்ணிட்டோம்.

அக்கா ரம்யாவோட ரூம்புல இருந்துச்சு. மிச்சக் கம்மா மண்ணு மூலையில ஈரச்சாக்குப் போட்டு மூடிக் கெடந்துச்சு. சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு தரையில உக்காந்து, முறுக்குக்குப் பெசையிற பதத்துக்குப் பெசஞ்சு, திரியாத் திரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ஒரு காலு. முழங்கால் ஒசரம் வந்தவொடன பொதுக்குன்னு உக்காந்துருச்சு. மறுபடி ஒண்ணு. அது இன்னும் சீக்கிரமா விழுந்துச்சு. கண்ணுச்சாமி வாசல்ல நின்னு எட்டிப் பாத்துட்டு, "நான் பூசை பண்றவன்த்தா, எனக்கும் மண்ணு வேலை தெரியாது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ரம்யாவுக்கு ரெண்டு தடவ போன் போட்டோம். எடுக்கல.

மத்தியானம் மூணாவது காலு. இந்தத் தடவ தண்ணியக் கொறச்சு, வைக்கோலப் பொடியா நறுக்கிப் போட்டுப் பெசஞ்சிருந்துச்சு. இடுப்பு ஒசரம் வரைக்கும் ஏறிருச்சு. அக்கா ரெண்டு கையாலயும் அதச் சுத்திப் புடிச்சுக்கிட்டு மூச்ச அடக்கி உக்காந்திருக்கு. காப்பு நூலு பூராம் மண்ணு.

சன்னல் மேல வச்சிருந்த போன் அடிச்சுச்சு. எட்டிப் பாத்தேன்.

"யக்கா, மேடம். கண்ணு இல்லாத விசயம் தெரிஞ்சு போச்சு போல, நாலாவது தடவ அடிக்கிறாக."

"அடிக்கட்டும்."

"எடுத்து என்னான்னு சொல்ல?"

"கை வேலையா இருக்குன்னு சொல்லு."

சொல்லிட்டுக் கைய எடுக்கல. காலு லேசா ஒரு பக்கமாச் சாயிற மாதிரி எனக்குத் தெரிஞ்சுச்சு. போன எடுத்து, "அக்கா கை வேலையா இருக்கு மேடம்"னேன்.